கறுப்புக் கரைக்குப் பயந்தவள்

கணினியில் மரண அறிவித்தல் ஒன்றைச் சேமிப்பதற்கு முன் தனுஷிகா செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுகிறாள். செத்தவர்களின் பக்கத்தில் செருப்புக் காலோடு கை வைக்க அவளுக்கு மனம் வராது. மருதனார்மடம் சந்தியில், கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் போடும் இணையத்தளம். கடல் கடந்து போன ஊர்ச்சனம் கண்விழித்ததும் பார்ப்பது அதைத்தான்.

படங்களுக்கு நிறமும் கரையும் கொடுக்கும் சிஎஸ்எஸ் என்ற கணினி விதிகளை எழுதுவது அவள் வேலை. கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்வாள்:

"'பெடியள்' எண்டு கூப்பிட்டா ஊரே திரும்பும். 'சங்கக்கடை ஒழுங்கைப் பெடியள்' எண்டா கொஞ்சப் பேர். அது கிளாஸ். ஒருத்தன்ரை பேரையே சொன்னா அது ஐடி. பேரைச் சொன்னவன்ரை சொல்லுத்தான் எடுபடும். பிறகு வந்து கூட்டமாய்க் கூப்பிடுறவன் எவ்வளவு கத்தினாலும் சரிவராது."

அன்று காலை, பருத்தித்துறைக் கந்தப்புவின் எண்பதாவது பிறந்தநாள் வாழ்த்தை ஏற்றினாள். மறுநாள் அவருக்கு இருதய ஒப்பரேசன் என்று கனடாவிலிருக்கும் மகள் எழுதியிருந்தாள். பக்கம் திறந்தது. சிரிக்கும் கிழவரைச் சுற்றி, செத்தவர்களுக்குப் போடும் கறுப்புக் கரை.

தனுஷிகா உடனே விதிகளைத் திறந்தாள். பிறந்தநாள் கிளாசுக்கு மஞ்சள் கரை என்று விதிகளின் கடைசியில் எழுதினாள். கறுப்பு அசையவில்லை. மறுபடி எழுதினாள். அப்போதும் இல்லை.

"என்ன பிள்ளை, உயிரோடை இருக்கிறவரையும் அனுப்பிப்போட்டீர் போல," என்று முதலாளி ஜெயரூபன் எட்டிப்பார்த்துச் சிரித்தார்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அவருக்கு நாளைக்கு ஒப்பரேசன்."

"எத்தினை பேர் பாத்திட்டினம்?"

"பதினேழு."

அவர் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தினநாள், செத்தவர் எவருக்கும் கரை தவறிவிடக்கூடாதே என்ற பயத்தில், அறிவித்தல்கள் எல்லாம் இருக்கும் பெட்டியின் ஐடியைச் சொல்லிக் கறுப்பை எழுதியவள் அவள்தான். அந்த ஒரே பெட்டிக்குள்தான் வாழ்த்துகளும் இருந்தன. கிளாசைச் சொல்லி எழுதிய மஞ்சள் அதன்முன் எப்படி நிற்கும்? கறுப்பு விதியிலிருந்து ஐடியை அழித்து, 'மரணம்' என்ற கிளாசை வைத்தாள். கந்தப்புவுக்கு மஞ்சள் வந்தது.

ஆனாலும் பதினேழு பேரின் கண்ணில் அவரைச் சாகவைத்தாயிற்று. உண்மையிலேயே ஏதும் நடந்திருந்தால்? வாழ்த்தின் கீழிருந்த அவரது போன் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் இருமல் கேட்டது.

"கந்தப்பு ஐயாவோ?"

"ஓம், நான்தான். ஆர் பிள்ளை கதைக்கிறது?"

தனுஷிகா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.