அத்தாவும் துருக்கி லாரியும்

வியன்னாவில் முதுகலை படித்த இரண்டாம் வருடம், தேர்வு முடிந்த கையோடு நானும் என் தோழியும் ஹங்கேரிக்குக் கிளம்பினோம். அவளுக்கு ஊர் வாழப்பாடி, எனக்கு ராசிபுரம். சேலத்தில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் தூரம்தான். ஆனாலும் நாங்கள் முதன்முதலில் சந்தித்தது வியன்னா விடுதியின் துணி துவைக்கும் அறையில். வாஷிங் மெஷின் ஓடாத கோபத்தில் அவள் தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து, "கதவ இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சாத்துங்க" என்றேன். அன்றிலிருந்து சமையல், சண்டை, பயணம் எல்லாம் சேர்ந்தேதான்.

ஹங்கேரியின் தெற்குக் கோடியில் செகெத் என்று ஓர் ஊர். அங்கே ஆற்று மீனில் சிவக்கச் சிவக்க ஒரு சாறு வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மீன் என்றால் அவள் எங்கும் வருவாள். டிக்கெட்டும் மலிவு. செகெத்தில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் நின்று, எல்லை தாண்டி செர்பியாவுக்குப் போகும் பஸ் அது.

மதியம் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பக்கத்துக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் செர்ரிப் பழம் வைத்த பலகாரமும் பாலாடை வைத்த பலகாரமும் இருந்தன. இரண்டில் எது என்று அவள் யோசித்தாள். நான் பாலாடைக்கு வாதாடினேன். கடைசியில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"நம்ம பஸ் எங்கடி?" என்றாள்.

"அதோ போகுது பாரு, அதுதான்."

ஓடினோம். கையை ஆட்டினோம். பச்சை பஸ் நெடுஞ்சாலையில் ஏறி மறைந்தது. எங்கள் பைகள் அதற்குள். அவளுடைய பாஸ்போர்ட் அந்தப் பைக்குள். டிக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால், பதிவு செய்த குரல் ஹங்கேரிய மொழியில் பேசிக்கொண்டே போனது. அவள் பலகாரத்தைக் கையில் வைத்தபடி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஒரு கடி கடித்ததையும் நான் பார்த்தேன்.

பங்குக்குப் பின்புறம் ஒரு பெரிய மைதானம். அது நிறைய லாரி. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் அத்தா லாரி ஓட்டுகிறவர். சொந்த லாரி, ஒன்றே ஒன்று. பள்ளி விடுமுறையில் அவரோடு கேபினில் உட்கார்ந்து விஜயவாடா வரை போயிருக்கிறேன். டீசல் வாசனை எனக்கு வீட்டு வாசனை மாதிரி.

மைதானத்தின் ஓரத்தில், லாரியின் பக்கவாட்டில் தொங்கிய இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்து, அதற்குள் இருந்த அடுப்பில் ஒருவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்து, தொப்பை போட்டு, காலில் ரப்பர் செருப்போடு இருந்தார். நம்பர் பலகையைப் பார்த்தால் துருக்கி. எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மனை வைத்து, "பஸ் போய்விட்டது. பை உள்ளே. செகெத்" என்றேன். அவருக்கும் கொஞ்சம் ஜெர்மன் இருந்தது. எங்களைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இரண்டு பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளத் தயங்குகிறார் என்று புரிந்தது.

"தெரியாத ஆளு லாரியிலயா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடும்" என்றாள் தோழி.

"அதான் எங்க அத்தாவக் கேட்டுட்டுப் போலாங்கறேன்."

வீடியோ காலில் அத்தா வந்தார். நாமக்கல் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வண்டியை விட்டிருந்தார். பின்னால் வெல்டிங் பொறி பறந்தது.

"அத்தா, பஸ்ஸு எங்கள உட்டுட்டுப் போயிருச்சுங்க. இங்க ஒரு லாரி நிக்குது. அதுல ஏறிப் போகட்டுங்களா?"

அத்தா முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு கேட்டார். "வண்டி எத்தன சக்கரம்?"

"அத்தா!"

அடுப்பைப் பார்த்திருந்த அந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். "அதா?" என்றார். துருக்கி மொழியில் தகப்பன், பாட்டன் எல்லாருக்கும் அப்படி ஒரு பழைய சொல் இருப்பதை அவர் ஜெர்மனும் கையுமாக விளக்கினார். நான் போனைக் காட்டி, "ஆமாம், என் அத்தா, லாரி டிரைவர்" என்றேன். அவர் கையை பேண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"ஸெலாமுன் அலைக்கும்" என்றார்.

"வ அலைக்கும் ஸலாம்!" அத்தாவின் குரல் பங்கு வரை கேட்டிருக்கும்.

அதற்குமேல் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. அத்தா போனைத் திருப்பித் தன் லாரியைக் காட்டினார். முன்கண்ணாடிக்கு மேல் புதிதாக எழுதிய பூவையும் மயிலையும் பார்த்த துருக்கிக்காரர், "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார். பதிலுக்குத் தன் கேபினில் ஏறிப் படுக்கை, ஃப்ரிட்ஜ், திரைச்சீலை எல்லாம் காட்டினார். "ஏசியா?" என்று அத்தா கேட்டார். "ஏசி, ஏசி" என்று அவர் முகத்தில் காற்றடிப்பதுபோல் கையை வீசினார். நடுவில் பட்டறைக்காரர் தலையை நுழைத்தார்.

"ஏனுங்க சாமி, நல்லா இருக்கீங்களா? நம்ம புள்ளைங்களப் பத்திரமாக் கொண்டுபோய் உட்டுருங்க சாமி!"

துருக்கிக்காரர் ஏதோ புரிந்தவர்போல நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அத்தா தன் ஹாரனை அடித்துக் காட்டினார். பத்து வாத்தியம் சேர்ந்த மாதிரி ஒலிக்கும் ஹாரன் அது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் ஹாரனை அழுத்தினார். கப்பல் சங்குபோல் ஒலித்தது. மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏறு கண்ணு. நல்ல மனுசன்" என்றார் அத்தா. "போனை மட்டும் வெச்சராத. நானும் வாரேன்."

போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தோம். அத்தாவும் எங்களோடு ஹங்கேரியச் சமவெளியில் வந்தார். இருபுறமும் சூரியகாந்தி. அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம்.

"அட, நம்ம ஆத்தூர் ரோடு மாதிரியல்ல இருக்குது! மரவள்ளி போட்டிருக்கானான்னு பாரு" என்றார். தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் எட்டிப் பார்த்து, "மரவள்ளி இல்லைங்க மாமா" என்றாள். அதன்பின் அவளும் அழவில்லை. லாரி எதையாவது முந்தும்போதெல்லாம் அத்தா பட்டறையிலிருந்து, "வரலாம், வரலாம், ரைட்டே!" என்று வழி சொன்னார். துருக்கிக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை தானே "ரைட்டே!" என்று கத்திக்கொண்டு முந்தினார்.

செகெத் ஊர் முகப்பிலிருந்து லாரிக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, அங்கே வந்த டாக்சிக்காரரிடம் எங்களைவிடத் துருக்கிக்காரர்தான் அதிகம் பதறிப் பேசினார். டாக்சி பறந்தது. பஸ் நிலையத்தில் பச்சை பஸ் நின்றுகொண்டிருந்தது, இன்ஜின் ஓடியபடி. டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எங்களை விட்டுவிட்டு வந்ததே அவருக்குத் தெரியவில்லை. தோழி யாரையும் கேட்காமல் உள்ளே ஏறிப் பைகளைத் தூக்கி வந்து, நடைபாதையில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை எடுத்து முத்தம் கொடுத்தாள்.

அன்று மாலை ஆற்றங்கரையில் மீன் சாறு குடித்தோம். காரம் நம்மூர் அளவு இல்லை. ஆனாலும் அவள் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினாள்.

அத்தாவும் துருக்கிக்காரரும் அன்றைக்கே எண்களைப் பரிமாறிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஸலாம் போகும், வரும். அவர் பனியில் புதைந்த டயரை அனுப்புவார். இவர் சங்ககிரி பைபாஸில் வெயிலில் வெடித்த டயரை அனுப்புவார்.

படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பியபின் தோழியின் வீட்டில் ஒரு விசேஷம். குடும்பத்தோடு வாழப்பாடி போனோம். மகள் லாரியில் ஏறிய கதை அவள் அம்மாவுக்கு அதுவரை தெரியாது. பந்தியில் உட்கார்ந்த அத்தா, பக்கத்து இலைக்காரருக்கு ஹாரன் சத்தத்தோடு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சாம்பார் வாளியோடு வந்த தோழியின் அம்மா அப்படியே நின்றார்.

"மாதாவே! லாரியிலயா போன?"

தோழி தலையைக் குனிந்துகொண்டு சாதத்தைப் பிசைந்தாள். அம்மா அவளையும் என்னையும் சேர்த்து நன்றாகத் திட்டினார். பந்தியே சிரித்தது. திட்டி முடித்து, எங்கள் இலைகளில் சாம்பாரை ஊற்றிவிட்டு, கொஞ்சம் குனிந்து என்னிடம் கேட்டார்.

"அந்த ஆளு டீ போட்டுட்டு இருந்தாருன்னாரே உங்க அத்தா, உங்களுக்கும் குடுத்தாரா?"

"குடுத்தாருங்கம்மா. ஆளுக்கு ரெண்டு கிளாஸ்."

"அப்ப நல்ல ஆளுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.