வள்ளிமயிலின் செஸ் புரோகிராம்

என் மனைவி வள்ளிமயில் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதியிருக்கிறாள். எங்கள் ஊர் பசுவந்தனையில் எவனிடம் சொன்னாலும், அதுதான் நெட்டில் சும்மா கிடைக்கிறதே என்கிறான். கடையில் இட்லி கிடைக்கிறது என்று உங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்காமலா இருக்கிறீர்கள்? பேச வந்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.சி.ஏ. படித்தவள். பகலில் இ-சேவை மையத்தில் ஊராருக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறாள். மிச்ச நேரத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து இதை எழுதினாள். நான் இந்தக் காயை நகர்த்தினால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று அது கிளை கிளையாகத் தேடும். ஆறேழு நகர்வுக்குள் கிளைகள் கோடிக்கணக்கில் பெருகிவிடுமாம். உதவாததை வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம்.

பெண்கள் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஜெயகிருஷ்ணன் மாவட்ட அளவில் ஆடியவர். பிள்ளைகள் பழக இதைப் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபில் போடலாமா என்று வள்ளி அவரிடம் கேட்டாள். முதலில் என்னை ஜெயிக்கட்டும், இரண்டு வாய்ப்பு தருகிறேன் என்றார்.

முதல் ஆட்டம் பிள்ளைகள் முன்னால் நடந்தது. கம்ப்யூட்டர் சொல்வதை வள்ளி பலகையில் நகர்த்தினாள். பதினெட்டாவது நகர்வில் வாத்தியார் தன் ராணியைத் தூக்கிக் கொடுத்தார். ராஜாவுக்கு செக்; வேறு வழியில்லாமல் நம்முடையது வெட்டியது. மூன்றே நகர்வில் எங்கள் ராஜா காலி. பிள்ளைகள் சிரித்துவிட்டன. வள்ளி முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

ஏன் தோற்றது தெரியுமா? ராணியைக் கொடுக்கும் கிளை வந்தால் பார்க்காமலே வெட்டு என்று எழுதியிருந்தாள். அவள் பிறந்தது மழையை நம்பிய மானாவாரிக் குடும்பம், பட்டினி கிடந்தாலும் விதைக்கு வைத்த கம்பந்தானியத்தில் கை வைக்காத வீடு. எதிராளிக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டதால், வாத்தியார் ராணியைக் கொடுக்கும் வழியை அது முன்கூட்டிப் பார்க்கவே இல்லை!

"ராணியப் போயி யாராவது கையால எடுத்துக் குடுப்பாவளான்னு நெனச்சுட்டேன்" என்றாள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஒரு வாரத்தில் சட்டத்தை மாற்றினாள். எதை இழந்தாலும் பரவாயில்லை, தேடிப் பார். கைவசமிருக்கும் நல்ல வழியை ஒரு கிளை மிஞ்சவே முடியாது என்று உறுதியானால் மட்டும் வெட்டு.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம். முப்பதாவது நகர்வில், எங்கள் புரோகிராமே ராணியைக் கொடுத்தது. போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். வள்ளி அசையவில்லை. வாத்தியார் வெட்டக் கை நீட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் பலகையையே பார்த்தார். பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைப் படுக்க வைத்தார்.

"மதினி, லேபுல பதினாறு மெஷின் இருக்கு. எல்லாத்துலயும் ஏத்திருங்க."

நான் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

இப்போது நாற்பது பிள்ளைகள் தினமும் என் பெண்டாட்டியிடம் தோற்கிறார்கள். போன வாரம் ஆஸ்லின் என்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஜெயித்துவிட்டாள். சேதி கேட்டு வள்ளி அன்று சாயங்காலமே கேசரி கிண்டினாள். தோற்றதற்கு இனிப்பு செய்த வீடு இந்தக் கரிசல் சீமையிலேயே எங்கள் வீடு ஒன்றுதான்.