இந்திராணி வாயில் என் பேச்சு

என் வீட்டுக்காரர் தௌகீர் அம்ரோஹாவிலிருந்து பம்பாய்க்கு வந்தது கவிஞராக. வயிற்றைக் கழுவியது ஸ்டூடியோவில் கிளாப் கட்டை அடித்து. ஒன்பது வருஷம் அடித்த பிறகு டைரக்டர் ஆனார். முதல் இரண்டு படமும் ஒரு வாரம் தாண்டவில்லை. கதாநாயகி வானத்து நிலாவைப் பார்த்து உருது கவிதையாகப் பொழிந்தால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

மூன்றாவது படத்திலிருந்து என் பேச்சைத் திருடினார். கீமாக் கறி தீய்ந்த அன்று நான் போட்ட சண்டையை, மாஹிம் சினிமாக் கொட்டகைத் திரையில் கதாநாயகி இந்திராணி போட்டாள். ஒரே விசில். அதே பேச்சுக்கு வீட்டில் மனுஷன் பத்திரிகையிலிருந்து தலை தூக்கவில்லை.

ஒருநாள் செட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் பேசப் பேச, இவர் கண் கலங்கி நின்றார்.

"அண்ணி, உங்க வாய் இல்லேன்னா எனக்குப் பொழப்பே இல்ல" என்றாள் இந்திராணி.

"வாய் மட்டும் போதுமா, புருஷனும் வேணுமா?" என்றேன். லைட் பையன்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

அடுத்த படத்தில் மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். எங்கள் சினிமா ஆட்களுக்குக் காலையில் செட்டில் லைட் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வசனம் தயாராகும். அந்தக் காட்சிக்கு மூன்று நாள் காலையிலும் இவர் பேனா ஓடவில்லை. வீட்டுக்கு வந்து வம்புக்கு இழுத்தார்.

"சாலன்ல உப்பே இல்ல, பேகம்."

"போட்டுக்குங்க."

"உங்கம்மா வீட்லயும் இதே சமையல்தானா?"

அவர் மடியில் காகிதமும் பேனாவும் இருந்தன. புரிந்துவிட்டது.

"வசனத்துக்குத்தானே இந்த நடிப்பு? பேசுறேன். அந்தக் காகிதத்த வச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

வைத்தார். பார்த்தார். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்து முதல் தடவை. சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ, ஒரு வார்த்தை வரவில்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அவரையே பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் இந்திராணிக்கு அதையே சொல்லிக் கொடுத்தார். வசனமே கிடையாது.

படம் இருபத்தைந்து வாரம் ஓடியது. அந்த மௌனத்துக்காக இவரை மேதை என்று எழுதினார்கள். பேச்சை எடுத்தபோதுகூடப் பொறுத்தேன். அந்தப் பார்வை அவருக்கு மட்டும் நான் கொடுத்தது. அதையும் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அவள் மிக அழகாக நின்றாள் என்கிறார்கள். நிற்கட்டும்.