நாய்க்குக் கொதித்தாறின தண்ணீர்

நாய் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டது என் மனைவி. கேட்டுவிட்டு அவள் யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டில் சுகமாக இருந்தாள். நாயோடு கிடந்து மாரடித்தவன் நான்.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் எனக்கு வயற்காணி கிடைத்தது. காட்டை வெட்டி, கொட்டிலும் போட்டு, முதல் விளைச்சலையும் கண்ட பிறகுதான் கலியாணம் செய்தேன். புது மனைவியை ரயிலில் கூட்டிவந்து, வந்த அன்றே கேழ்வரகு என்கிற குரக்கனில் பிட்டும் குளத்து மீன் குழம்பும் என் கையால் சமைத்துப் போட்டேன். தனியாகக் கிடந்து இரண்டையும் தின்னப் பழகி, யாழ்ப்பாணத்தான் நானும் வன்னியான் ஆகிவிட்டேன் என்று அப்போது எனக்கு ஒரே பெருமை. கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்குக் குளத்து மீனின் சேற்று மணம் வயிற்றைப் பிரட்டியது. "இஞ்சை வந்தால் இஞ்சத்தைச் சாப்பாடுதான்" என்றேன். மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்றோட்டம். ஐந்தாம் நாள் தமையன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

ரயிலில் ஏறும்போதுதான் சொன்னாள்: "நீங்கள் வயலுக்குப் போனால் அந்தக் காட்டுக்கை நான் தனிய. வளவுக்கை ஒரு நாயெண்டாலும் நிண்டால் தைப்பொங்கலுக்கு வந்து பாக்கிறன். அதுவும் சரிவராட்டி, பிறகு என்னைக் கேக்காதேங்கோ."

அவள் சொன்னால் சொன்னதுதான். தை பிறக்க ஒரு மாதமும் இல்லை. மாங்குளம் ஸ்ரேசனில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, மழையோடு மழையாகப் போனேன். அந்த வீட்டு அம்மா கடுவன் குட்டியொன்றைத் தந்தார். கூடவே பேக்கரியில் வாங்கி, கடதாசியில் சுற்றிய அரை றாத்தல் பாணையும் நீட்டினார். "தம்பி, இது பாணும் டின்பாலும் திண்டு பழகினது. ஒரு கிழமைக்கு எண்டாலும் அதைக் குடுங்கோ" என்றார்.

"எங்கட பக்கம் நாய் நாயாத்தான் வளரும், அம்மா" என்று சொல்லி, பாணை வாங்காமல் வந்தேன். அந்த வாய்க்கு அடுத்த இரண்டு கிழமையும் தண்டம் கட்டினேன்.

வந்த வழி தெரிந்தால் திரும்பி ஓடிவிடும் என்று, குட்டியைச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டித்தான் எங்கள் ஆட்கள் கொண்டுவருவது. நானும் அப்படியே செய்தேன். பஸ்ஸில் கிளிநொச்சிவரை அது ஓயாமல் கத்தியது. கொண்டக்டர் என்னை ஆட்டுக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வீட்டில் குரக்கன் களியும் குளத்து மீனும் வைத்தேன். மணந்து பார்த்துத் தும்மிவிட்டு, சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பசித்தால் தின்னும் என்று நானும் விட்டேன். மறுநாள் பசி பொறுக்காமல் அவ்வளவையும் ஒரேயடியாக விழுங்கிற்று. பாதி வாயால் வந்தது, மீதி மற்றப் பக்கத்தால் வந்தது. இவ்வளவு பெரிய வளவு கிடக்க, இரண்டுக்கும் அது தேர்ந்தெடுத்த இடம் என் பாய். அலம்பிக் காயப்போட்டால் மழை. வயலுக்குப் போனால் பின்னால் வந்து சேற்றில் புதைந்துகொண்டு அழும். கட்டி வைத்தால் அயல் முழுக்கக் கேட்கக் கத்தும். இருக்கக் கிடந்தது ஒரே கதிரை, அதன் காலையும் கடித்தது. நெற்கதிர் வரும் நேரம், பன்றிக்கு வேலி கட்ட வேண்டியவன் நாய்க்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் குட்டி எழும்பவில்லை. கண் உள்ளே போய், விலா எலும்பு தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நாய் செத்தால் பொங்கலும் இல்லை, மனைவியும் இல்லை.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற ஒருவர் இருந்தார். முஸ்லிம் ஆள். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அன்று படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"நான் நாயைத் தொடமாட்டன், தம்பி. ஆனால் உயிர் உயிர்தானே. முன்னம் என்ன திண்டது?"

"பாணும் டின்பாலும்."

"அப்ப அதைக் குடுங்கோ."

"என்ன நானா, நான் குரக்கன் தின்ன நாய்க்குப் பாணோ?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டிலை ஆடு வளக்கிறன். இலை மாத்திறதெண்டாலும் ஒரு நாளிலை மாத்திறேல்லை. பழசுக்குள்ளை புதுசைக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து, ஒம்பது பத்து நாள் செல்லும். தண்ணியையும் கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் குடுங்கோ. வந்த உடனை எல்லாத்தையும் மாத்தினால் வயிறு என்ன செய்யும்?"

மழைக்குள் கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தேன். கடைக்காரர் பாணையும் டின்பாலையும் எடுத்து வைத்துவிட்டு, "மனுசி வந்திட்டாவோ?" என்று கேட்டார். நாய்க்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஓம்" என்றேன். அன்று பின்னேரமே பக்கத்துக் காணிப் பெண்கள் இரண்டு பேர் புதுப்பெண்ணைப் பார்க்க வந்து, சாக்கு விரித்த பழைய பெட்டிக்குள் கிடந்த நாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

முதல் இரண்டு நாளும் பாலில் ஊறின பாணும் கொதித்தாறின தண்ணீரும்தான். மூன்றாம் நாள் விரல்நுனியளவு குரக்கன் களி கலந்தேன். பாணை மட்டும் நக்கி எடுத்துவிட்டு, களியைச் சட்டி விளிம்பில் ஒதுக்கி வைத்தது, கழுதை. அடுத்த நாள் களியைப் பாலில் கரைத்து ஏமாற்றினேன். பிறகு கால்வாசி, பிறகு அரைவாசி, பிறகு முள்ளெடுத்த மீன். எனக்கு ஒருநாளும் முள்ளெடுத்துத் தின்று பழக்கமில்லை. தண்ணீர் கொதிக்க வைக்கவென்று ஒரு சிறு பானையைத் தனியாக அடுப்பில் வைத்திருந்தேன். படுக்க அதற்கு எந்தச் சாக்கும் பிடிக்கவில்லை. மனைவி அவசரத்தில் விட்டுப்போன பழைய சேலையொன்றை இழுத்துப் போட்டு, அதற்குள் சுருண்டு படுத்தது. பிடுங்கினால் அழும் என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் களியையும் மீனையும் துடைத்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

பொங்கலுக்கு முதல்நாள் அவள் வந்தாள். படலையில் கொண்டுவந்து விட்ட தமையன், உள்ளே வராமலே திரும்பினான். காவலுக்கென்று நான் உயிரைக் கொடுத்து வளர்த்த நாய் ஒரு சத்தம் போடவில்லை. நேரே போய் அவள் காலை மணந்து, வாலை ஆட்டி, பாதத்தில் படுத்துக்கொண்டது.

நாயின் படுக்கையைப் பார்த்து, "இது என்ர சேலையெல்லே?" என்றாள். பிறகு குசினிக்குள் போனாள். "இந்தச் சின்னப் பானை என்னத்துக்கு?"

"நாய்க்குத் தண்ணி கொதிக்க வைக்கிறது."

"நாய்க்கோ?"

எனக்கு அப்போதும் மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. பட்ட பாட்டைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். நானா சொன்ன வைத்தியம், மழைக்குள் சைக்கிள் மிதித்தது, கரைத்து ஏமாற்றினது, முள்ளெடுத்தது. அவள் பானையின் மூடியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினை நாள் எடுத்தது?"

"களியிலை கொண்டுவந்து விட ஒம்பது நாள். உமக்குத் தெரியாது, நான் பட்ட பாடு."

"எனக்குத் தெரியாதோ?" என்றாள். "என்னை மட்டும் வந்த அண்டைக்கே குரக்கனும் குளத்து மீனும் தின்னப் பண்ணினீங்கள். சாக்குக்கை போட்டுக் கட்டிக் கொண்டுவராத குறைதான்."

நானாவின் சொல் நாயைப் பற்றியது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்காமல், பானைக்குள் இன்னும் தண்ணீர் விட்டேன்.

"எனக்கும் ஒம்பது நாள் தாங்கோ" என்றாள். "பத்தாம் நாள் சொல்லுறன்."

மறுநாள் பொங்கல் முடிந்ததும் கிளிநொச்சிக்குப் போய்ப் பாண் வாங்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நாய்க்கோ?" என்றார். "மனுசிக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டில் அவள் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் தாய்வீட்டுக் கறித்தூளும் கொண்டுவந்திருந்தாள். அந்த மாவுக்குள் நாளுக்கு நாள் குரக்கன் மா கைப்பிடி கைப்பிடியாகக் கலந்தது. கலந்தது நானல்ல, அவள்தான்.

பத்தாம் நாள் காலையிலிருந்து நான் வயலுக்குப் போகாமல் வளவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை போய், கேட்டே விடுவது என்று குசினிக்குப் போனால் ஆளில்லை. படலையில் நானாவை மறித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த கிழமை வரேக்கை பாரைக் கருவாடு கொண்டுவாங்கோ, நானா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுக்கு அடுத்த கிழமையும்."