டியூமுலோஸ் என்று நான் பெயர் வைத்த குன்றுகள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் கோலார் தங்கவயல் போய்வந்து இங்கே ஒரு பதிவு எழுதினேன். தலைப்பு ‘டியூமுலோஸ் தேசம்’. இந்த வலைப்பூவில் ஊரெல்லாம் படித்தது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் என் மைத்துனர் மட்டும் படித்தார். போன மாதம் அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. “சார், நீங்க மலைன்னு எழுதினது எங்க வூட்டுக்குப் பின்னால கீது. ஆடிக் காத்துல ஒரு வாட்டி வந்து பாருங்க. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. மார்கரெட், நந்திதுர்க்.” இது கோபமா, அழைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வருகிறேன் என்று பதில் போட்டேன். ஆடி இரண்டாவது ஞாயிறு போனேன்.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் அதைப் புரட்டி ஒரு சொல்லைப் பையில் போட்டுக்கொள்வது என் கிறுக்கு. அப்படிக் கிடைத்ததுதான் டியூமுலோஸ். சிறு குன்றுகள் நிறைந்த நிலம் என்று பொருள். அரிதாக வழங்கும் சொல் என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. லத்தீனில் டூமுலுஸ் என்றால் மண்மேடு. அதற்கும் அடியில் போனால் ‘வீங்குதல்’ என்ற வேர் வருகிறது. டாக்டர்கள் சொல்லும் டியூமரும் அந்த வேரில் கிளைத்ததுதான். நிலம் தூக்கத்தில் மூச்சு இழுத்து லேசாக வீங்கியிருக்கிறது என்று எனக்குள் ஒரு படம் விரிந்தது. தங்கவயலின் வெள்ளை மேடுகளைப் பனியில் பார்த்ததும் அந்தப் படம் அப்படியே பொருந்திவிட்டது. தங்கம் பிரித்தபின் மிஞ்சிய தூள்தான் அந்த மேடுகள் என்று எனக்குத் தெரியும். பதிவில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ‘அதிகாலையில் உச்சிக்கு ஏறுங்கள், மேகத்தில் நிற்பதுபோல் இருக்கும்’ என்று நாலு பத்திக்கு உருகியிருந்தேன்.

சென்னையிலிருந்து சனிக்கிழமை மதியம் ரயில். பங்காரப்பேட்டை வரை இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 125 ரூபாய். ஐந்து மணி நேரம் ஆனது. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் 650 ரூபாய்க்கு அறை. தலையணை மட்டும் சுமார். ஞாயிறு காலை 6.50க்கு மாரிக்குப்பம் போகும் ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய், ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். தங்கவயலுக்குள்ளேயே இருக்கும் நந்திதுர்க் குடியிருப்புக்குப் போக முன்னாலேயே இறங்கலாம். ஆனால் எனக்குக் கடைசி ஸ்டேஷன் வரை போகவேண்டும். அந்த ஜன்னலை விட மனம் வராது.

பெட்டியில் நான்கைந்து பேர்தான். வார நாட்களில் எதிர்த்திசையில் பெங்களூருக்கு நிற்க இடமில்லாமல் போகிற ரயில் இது; ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுவும் சோம்பல் முறித்துக்கொண்டு போகிறது. தைல மரங்கள் விலகின. முதல் மேடு தெரிந்தது. பிறகு இன்னொன்று. பால்பொடி நிறம், விளிம்பில் மட்டும் லேசான மஞ்சள். ரயில் வளைய வளைய அவை ஒன்றன்பின் ஒன்று மறைந்து, மறுபடி எழுந்து, என்னோடு கூடவே நடந்து வந்தன. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் போலிருக்கிறது. எந்த மேட்டை எத்தனை முறை பார்த்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். மார்கழியில் அசையாமல் நின்ற உச்சிகளில், இப்போது மெல்லிய புகை ஒன்று ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதையும் அழகு என்றுதான் நினைத்தேன்.

மாரிக்குப்பத்தில் ஆட்டோ. நந்திதுர்க்குக்கு 150 கேட்டு 120க்கு வந்தார் ஓட்டுநர். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

“டம்ப் பார்க்கவா சார், அந்த வெள்ள மேடு? ஷூட்டிங்கா?”

“இல்லை, ஒரு வீட்டுக்கு.”

“அப்ப சரி. ஜனங்க சும்மா வர்றாங்க சார் இப்பல்லாம். யாரோ நெட்ல எழுதிட்டான்.”

மீதி வழி முழுக்க மீட்டர் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு மார்கரெட்டுடையது. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பெங்களூரில் துணி ஏற்றுமதி செய்யும் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ரயில். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கணவர் ஆரோக்கியசாமி சுரங்கம் மூடும்வரை கீழே வேலை பார்த்தவர். கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து, சிரித்துக்கொண்டு கை நீட்டினார். நுரையீரலில் தூசி படிந்துவிட்டது. நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தித்தான் பேச முடிகிறது.

“வாங்க சார், இன்னா, ரயில் சொகமா? ஒக்காருங்க,” என்றார் மார்கரெட். காபி கொடுத்தார். ஜன்னல்களில் ஈரப் பெட்ஷீட் தொங்கியது. பகலிலேயே வீட்டுக்குள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஒரு வெளிச்சம்.

பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். கொடியில் ஒரே ஒரு துணி காய்ந்தது. குடைத்துணி மாதிரிக் கறுப்பு, ஒரு முழம் அகலம். கொடிக்கு அப்பால் முந்நூறு அடியில் மேடு.

“காலையில ரயிலுக்குப் போறதுக்கு முன்ன இத ஒரு மணி நேரம் போட்டு வைப்பேன். வெரலால தொடச்சிப் பார்ப்பேன். வெள்ளையா வந்துச்சின்னா இவர அன்னைக்கு உள் ரூம்ல பூட்டாத கொறையா வெச்சிட்டுப் போவணும். கறுப்பாவே இருந்துச்சின்னா முன்னால ஒக்கார்லாம், நாலு பேர்கிட்ட பேசலாம்.”

நான் மேட்டைப் பார்த்தேன். எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டேன்.

“காத்து எப்பவும் உண்டு சார். ஆனா மழ பெஞ்சா மேல ஆட பிடிச்சிக்கும், பால் மாதிரி. பசங்க செடி வேற வெச்சாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் அடங்கிக் கெடக்கும். மேல கால் வெச்சா ஆட ஒடஞ்சிரும். அடியில கீற பவுடரு எழுந்திரும். முன்னல்லாம் யாரு ஏறுவாங்க? இப்ப ஞாயித்துக்கெழமன்னா கூட்டம். ஒருத்தன் எங்கிட்டயே போன காட்டி, டியூமுலோஸ் ஹில்ஸ் எங்கன்னு கேக்கறான். அதுல உங்க போட்டோ சார். தொப்பி போட்டுக்கினு மேல நிக்கறீங்க.”

கூசிப்போனேன். அந்தத் தொப்பிப் படத்தைத்தான் வலைப்பூவின் முகப்பில் வைத்திருந்தேன். தெரியாமல் எழுதிவிட்டேன், திருத்திவிடுகிறேன் என்றேன். அந்தப் பதிவுதான் எனக்கு ஆள் கூட்டுகிறது. ‘ஏற வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதாதா என்று மனதின் ஒரு மூலை அப்போதும் பேரம் பேசியது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

உள்ளே ஆரோக்கியசாமி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். வீங்கின மண் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.

“தானா வீங்கிச்சா? நாங்க கல்ல ஒடச்சோம்... கேஜு லிஃப்ட்ல மேல போச்சி... மில்லுல மாவா அரச்சாங்க. தங்கம் போன ஊரு வேற. மாவு நின்ன ஊரு இது.” மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தார்: “ஆனா பேரு நல்லாத்தான் கீது.”

பதினொன்றரைக்கு வெளியே ட்ரோன் சத்தம். மார்கரெட் எழுந்து ஒரு வாளித் தண்ணீரில் பெட்ஷீட்டை முக்கினார். நான் பின்வாசலுக்குப் போனேன். மேட்டின் பாதிச் சரிவில் ஒரு பெண், தரையில் புரளும் சிவப்பு கவுனில், பக்கத்தில் கோட் போட்ட மாப்பிள்ளை, கீழே கேமராக்காரர். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. வெள்ளைச் சரிவில் அந்தச் சிவப்பு மெதுவாக ஊர்ந்து மேலே போனது. ஒரு கனவு அப்படித்தான் நகரும். அவர்கள் காலடியிலிருந்து கிளம்பிய தூளும் அதே நிதானத்தில் எங்கள் பக்கம் வந்தது. பார்க்கப் பார்க்கக் கறுப்புத் துணி சாம்பல் நிறமாகிப் பிறகு வெளுத்தது. மார்கரெட் கணவரைத் தோளோடு அணைத்து உள் அறைக்கு நடத்திப் போனார். எட்டடி தூரம். நடுவில் இரண்டு தடவை நின்றார்கள்.

ஓடினேன். எனக்கு ஓடுகிற உடம்பு இல்லை. “இறங்குங்க, தயவுசெய்து இறங்குங்க,” என்று கத்தினேன்.

கேமராக்காரர் ஃபோனை நீட்டினார். “பர்மிஷன்லாம் வேணாம் அங்கிள், பப்ளிக் ஸ்பாட். பாருங்க, இந்த பேஜ்ல போட்டிருக்கு.”

“அது நான் எழுதினது.”

நம்பவில்லை. தொப்பி இல்லாத என் தலையையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், நீங்கள் ஏறுவதால்தான் இந்தத் தூசி, நான் எழுதியது தப்பு என்று இரைக்க இரைக்கச் சொன்னேன். கல்யாணப் பெண் கவுனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். காதில் விழுந்திருக்கிறது.

“ஸாரி அங்கிள், எங்களுக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியுமே. அப்புறம் ஏன் இன்னும் அந்த பேஜ் இருக்கு?”

எனக்குத் தெரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அங்கேயே நின்று ஃபோனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுதான். சுற்றிச் சுற்றி நின்றது. அந்தப் பெண் தன் ஃபோனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். தொப்பிப் படம், மேகம், நாலு பத்தி உருகல் எல்லாம் போயிற்று. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வந்து மார்கரெட்டிடம் சொன்னபோது, “சாப்ட்டுப் போங்க,” என்று மட்டும் சொன்னார். மாட்டுக்கறிக் குழம்பு. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

படித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு: தாராளமாகப் போங்கள். ரயில் ஜன்னலிலிருந்து பாருங்கள். பத்து ரூபாயில் அதைவிட நல்ல இடம் கிடையாது. சாலையிலிருந்தும் பார்க்கலாம். ஏறாதீர்கள், வண்டி ஏற்றாதீர்கள். உட்கார்ந்து கனவு காணத்தான் வேண்டும் என்றால் பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் போங்கள். அன்று சாயங்காலம் நான் போனேன். ஆட்டோ போகவர 400, அரை மணி காத்திருப்பு உட்பட. தண்ணீரும் வயலும்தான். மூச்சு ஆழமாக இழுக்க முடிகிறது. இழுத்தபோது எனக்கு அவர் நினைவு வந்தது.

பழைய பதிவின் அதே முகவரியில்தான் இதைப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைத் தேடி, வெள்ளை மலைப் படத்துக்காக நீங்கள் இங்கே வந்திருக்கலாம். மேலே வெறும் கறுப்பாக ஒரு படம் இருக்கிறதே, அது லோடு ஆகாமல் நின்ற படம் இல்லை. மார்கரெட் நேற்றுக் காலை அனுப்பியது. ஒரு மணி நேரம் கொடியில் கிடந்த துணி. ஆரோக்கியசாமி நேற்று முன்வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.