கொக்கி அத்தானின் சிவப்புப் பேனா

என் அக்கா புருஷன் ஒரு அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் ஆங்கிலப் பிழை திருத்தினார். உலகத்தில் பசி, நோய், போர் என்று ஆயிரம் இருக்கட்டும். அவரைப் பொறுத்தவரை ஒரே கேடு, அபாஸ்ட்ரபி இடம் மாறி உட்காருவதுதான். அதாவது, எழுத்தின் தலைமாட்டில் தொங்குமே, அந்தக் குட்டிக் கொக்கி. அச்சகத்தில் அவருக்குப் பெயரே கொக்கி சார். எனக்குக் கொக்கி அத்தான்.

"ஒருத்தரோட பொருள்னு சொல்லணுமா, கொக்கி போடு. நடுவுல எழுத்தை முழுங்கிட்டியா, அந்த இடத்துல போடு. நிறைய இருக்குன்னு சொல்றதுக்கெல்லாம் போடாதே. இதுல என்னய்யா கஷ்டம்?" என்று முடிவெட்டப் போன இடத்திலும் பாடம் நடத்துவார். ஒருநாள் பாதி வெட்டிய தலையோடு ஸ்டூல் மேல் ஏறி, கடைப் பலகையில் வேண்டாத இடத்தில் தொங்கிய கொக்கியைச் சுரண்டி எடுத்தார். "சார், போர்டு எங்கயும் ஓடிப்போகாது, தலையைக் காட்டுங்க" என்று கடைக்காரர் கெஞ்சினாராம். அப்பேர்ப்பட்ட சேவை மனப்பான்மை!

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. "வாரம் ஒரு லெட்டர். இங்கிலீஷ்லதான் எழுதணும், அப்பதான் பழகும்" என்று உத்தரவு போட்டு அனுப்பினார். அவளும் எழுதினாள், பாவம். நாலு பக்கம், ஐந்து பக்கம். விடுதியில் ஒழுகும் குழாய், சிடுசிடுக்கும் மேலாளர், அறைத்தோழியின் குறட்டை எல்லாம் அதில் இருக்கும். நான் எட்டிப் பார்த்துப் படித்திருக்கிறேன். கொக்கிகள் மட்டும் கண்ட இடத்தில் இறைந்து கிடக்கும். ஆங்கிலம் தெரியாத அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னங்க எழுதியிருக்கா?" என்பாள்.

"ஒன்பது தப்பு" என்பார் அத்தான்.

பிறகு சிவப்பு மையில் வட்டம் போட்டு, அதே கடிதத்தை அவளுக்கே திருப்பி அனுப்புவார். பதில் என்று ஒரு வரி எழுதியதில்லை. ஒரு கடிதத்தில், "இங்கே பிடிக்கவில்லை அப்பா, வந்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள். அதற்கும் பதினோரு வட்டம் போட்டு, மறுதபாலில் அனுப்பிவைத்தார் மகானுபாவர்.

அதோடு கடிதம் நின்றது. இரண்டு வருஷம் அம்மாவோடு மட்டும் போனில் பேசினாள். இவர் வாங்கினால், "வேலை இருக்குப்பா, வைக்கிறேன்." ஓய்வு பெற்ற பின் அத்தான் தினமும் பதினோரு மணிக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால்காரர் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

போன மாதம் ஒருவழியாகக் கடிதம் வந்தது. பழக்கதோஷம், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டுதான் பிரித்தார். கணினியில் அடித்த மூன்றே வரி. நலமாக இருக்கிறேன். பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இந்த வருஷமும் வர இயலாது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எத்தனை தப்பு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுகூட இல்ல" என்றார். குரல் உடைந்தது. "யாருக்கோ எழுதுற மாதிரி எழுதியிருக்கா."

கேலி பண்ண வாயெடுத்தேன். பேசாமல் அவர் கழற்றி வைத்த பேனா மூடியை எடுத்து நீட்டினேன்.

"முன்னாடி பக்கம் பக்கமா எழுதினாளே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள் அக்கா. "என்னதான் எழுதினான்னு இன்னைக்காவது முழுசாப் படிச்சுக் காட்டுங்க."

அத்தான் எழுந்து அலமாரி வரை போனார். கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றார். எல்லாவற்றையும்தான் திருத்தி அனுப்பிவிட்டாரே.