எஞ்சின் அணைத்து இறங்கிய வண்டிகள்

பெட்ரோல் விலை ஏறிய பிறகுதான் எங்கள் மலையில் பேய் நடமாடுகிறது என்ற பேச்சு கிளம்பியது.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பின்நேரமே பனி இறங்கிவிடும். முன்பெல்லாம் அந்தப் பனிக்குள் லொறி வந்தால் நாலு வளைவு தள்ளியே உறுமல் கேட்கும். விலை ஏறியதும் உறுமல் போய்விட்டது. வண்டிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இறக்கம் தொடங்கும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, அடிவாரத்து ரத்தோட்டை வரை உருட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள் டிரைவர்கள். ஹோர்ன் அடித்தால் பெட்டரி இறங்கும் என்று அதையும் தொடமாட்டார்கள். வளைவு வந்தால் உள்ளே இருப்பவர்கள் கதவுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ரோட்டில் நடப்பவனுக்குக் கேட்பது அந்தத் தட்டும், டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசையும்தான்.

"காலில்லாத எதுவோ கதவத் தட்டிக்கிட்டுப் போகுது" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்வார்கள். நான் சிரிப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நாள் பள்ளி விட்டுத் திரும்பும்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். திரும்புவதற்குள் என் குடையை உரசிக்கொண்டு ஒரு லொறி போய்விட்டது. அதற்குப் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம். எண்ணெய் விளைகிற நாடுகளில் விலையைக் கூட்டிவிட்டார்கள், அதனால்தான் இங்கே மாவும் சீனியும்கூட ஏறுகிறது என்று பத்திரிகையைப் பார்த்து வீட்டில் விளக்குவேன்.

"எங்கயோ பாலைவனத்துல வெல ஏறுச்சின்னா என் வயித்துல இருக்கிறது காத்துக்கிட்டு இருக்குமா, வாத்தியாரே?" என்பாள் அக்கா.

காத்திருக்கவில்லை. வலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். முன்பு நோயாளிகளை ஏற்றிப்போகும் தோட்டத்து லொறியை, செலவைக் குறைக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் தொரை நிறுத்தி வைத்திருந்தார். ரத்தோட்டைக்கு ஓடிப்போய் வாடகைக்கு ஓடும் ஒரு ஹயர் காரைக் கூட்டி வந்தேன். காரோட்டி ஒரு முஸ்லிம்; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். எங்களிடம் இருந்ததையெல்லாம் வாங்கிப் பெட்ரோல் ஊற்றியும் டேங்கின் அடிதான் நனைந்தது.

"தம்பி, முன்னுக்கே சொல்லிட்டன். எறக்கத்துல எஞ்சின் போட ஏலாது. கீழ போய்ச் சேந்த பொறகு மாத்தளைக்கு ஓட இதுதான் இரிக்கி" என்றார் நானா.

அக்காவும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். இறக்கத்தின் தலையில் நானா சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் அக்காவின் மூச்சு மட்டும் காருக்குள் கேட்டது. வெள்ளைப் பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. கார் உருளுகிறதா, மலைதான் எங்களைக் கடந்து மேலே போகிறதா என்று தெரியவில்லை.

முதல் வளைவில் கதவைத் தட்டினேன். மேலே எங்கிருந்தோ அதே தட்டு திரும்பி வந்தது.

"மலை திருப்பிச் சொல்லுது" என்றார் நானா.

அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்த வளைவில் நான் தட்டுவதற்கு முன்பே மேலிருந்து தட்டுக் கேட்டது.

நானாவின் முகம் மாறியது. "யார்ரா அது?" என்று வெளியே தலையை நீட்டிக் கத்தினார். பதில் குரல் இல்லை. தட்டு மட்டும் நிற்காமல், வேகவேகமாக, கிட்டே கிட்டே வந்தது. அம்மா முருகா முருகா என்று முனகத் தொடங்கினாள்.

"பிரேக் இல்லாத லொறி" என்றார் நானா. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்க இடம் என்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றம்தான். அது இன்னும் கீழே. நானாவின் கை சாவிக்குப் போய் நின்றது. "போட்டா மாத்தளைக்குப் பெட்ரோல் காணாது, புள்ள."

"போடுங்க நானா!" அதுவரை வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு கிடந்த அக்கா கத்தினாள். "மொதல்ல உசுரோட கீழ போவோம்!"

எஞ்சின் உறுமியது. கார் பாய்ந்து மடுவத்து முற்றத்தில் ஏறி நின்ற கையோடு, நாங்கள் இருந்த இடத்தைப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு விறகு லொறி கடந்தது. இரண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் கையை வெளியே போட்டுத் தகரத்தை அடித்துக்கொண்டே போனார்கள். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர்கள் உயிரோடு இருப்பவர்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மீதி இறக்கத்தில் நானா எஞ்சினை அணைக்கவே இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்த லொறியை எதிர்பார்த்தோம். இறக்கம் முடியும் இடத்தில் அது மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. டிரைவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். கிளீனர் பக்கத்தில் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானா இறங்கி எங்கள் டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியைக் காட்டவில்லை, தூக்கி எறிந்தார். அது போதும், எங்களுக்குப் புரிந்தது. அதே நேரம் அக்காவின் அலறல் எழுந்தது.

லொறி டிரைவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "புள்ளப் பெறவா?" காற்றுப் போல ஒரு குரல். "எங்க லொறியும் பெட்ரோல்லதான் ஓடுது. எடுத்துக்கங்க."

"இவ்வளவு வச்சிக்கிட்டா எஞ்சின அணைச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மொதலாளி அளந்து ஊத்தி அளந்து பாப்பாரு, தம்பி. கொறஞ்சா வேல போயிரும். பிரேக் போன பொறகு போட்டுப் பாத்தேன், எஞ்சின் பிடிக்கல." மண்மேட்டைப் பார்த்துச் சிரித்தார். "லொறியயே குத்திட்டேன். இனி பெட்ரோலுக்கு என்னா கணக்கு?"

நானா லொறி டேங்குக்குள் ரப்பர் குழாயை விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார்.

மாத்தளையில் அக்காவின் வயிற்றில் கத்தி வைத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, இருவரும் பிழைத்தார்கள். விடியும்போது வெளியே வந்து நானாவிடம் சொன்னேன். இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். பிறகு காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சின்னச் சரிவு. கார் அசைந்தது. எஞ்சின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"நானா!" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். தண்ணீர்ப் பானையோடு எதிரே வந்த ஒரு பெண், கடைசி நொடியில் காரைக் கண்டு மதிலோடு ஒட்டிக்கொண்டாள்.